தோல் வளையம் எந்தப் பக்கம்

கலப்பை ஆள் தொடாமலே இறங்குவதை நான் நின்று கவனித்தது போன வருடம் மார்கழியில், ஒரு காலை, களத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. டிரைவரண்ணன் மேற்குக் காட்டை உழுதுவிட்டு டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் மாட்டிய ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தார். எஞ்சின் அணைந்து கிடந்தது. கலப்பையின் கொழுமுனைகள் முழங்கால் உயரத்தில் நின்றன. நான் நுரையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது அவை கெண்டைக்காலுக்கு வந்திருந்தன. ஒரு சத்தமும் இல்லை. வேலை முடிந்த ஆள் அலுப்போடு கையைத் தொங்கவிடுவது போல அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்பது முனைகளும் களத்து மண்ணில் பதிந்தபோது எனக்குள் ஏதோ சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. உள்ளே எண்ணெய் எங்கேயோ கசிகிறது. எங்கே என்று கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம். வாயில் பேஸ்ட்டோடு வீட்டுக்குள் ஓடி, கல்லூரிக் காலத்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏனம்மணி, காலங்காத்தால கலப்பைக்கு அளவெடுக்கறீங்க? சட்ட தெக்கப் போறீங்களாக்கும்?”

“இதென்னங்ணா, தானா எறங்குது?”

“அது ஒக்காந்துக்குமுங்க அம்மணி. அதுக்கும் வயசாச்சில்லீங்க? சித்த நேரம் நின்னா முட்டி வலிக்குமாட்ட இருக்குது. நானும் அப்புடித்தான்.”

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன். அப்பாவுக்கு மட்டும் ‘ஏப்பா டிரைவரு’. அந்த டிராக்டர் எனக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர் டிராக்டரோடு வந்தவர். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் அவர் உழாத காடு இருக்காது. உழும்போது அவர் உட்காரும் விதம் எனக்கு மனப்பாடம். இடது கை ஸ்டீயரிங்கில், வலது கை சீட்டுக்குப் பக்கத்தில், கலப்பையை ஏற்றி இறக்கும் லிஃப்ட் லிவரில், கழுத்து மட்டும் பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்த்தபடி. முன்னால் வண்டி நேராகப் போகிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டார். இடது கைக்குத் தெரியும் என்பார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மட்கார்டில் ஏற அடம் பிடித்தால், தன் துண்டால் என் இடுப்பைச் சீட்டுக் கம்பியோடு கட்டிவிட்டுத்தான் கியர் போடுவார். முடிச்சைப் போட்டபின் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு இன்னொரு தடவை.

அதே சுபாவம்தான் கட்டை விஷயத்திலும். கலப்பை தானாக இறங்கும் என்பதால், அதற்கு அடியில் கை வைக்க வேண்டிய வேலை வந்தால் முதலில் ஒரு முட்டுக்கட்டையைக் கொடுப்பார். புளியமரத்தில் அறுத்த, என் தொடையளவு தடிமன் உள்ள கட்டை. டிராக்டரில் அவர் காலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். தேய்ந்த கொழுவைக் கழற்ற வேண்டுமா, போல்ட்டை முறுக்க வேண்டுமா, கட்டையை நிறுத்தி, குதிகாலால் இரண்டு உதை கொடுத்து, அது அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் உட்காருவார். அரை நிமிட வேலைக்கும் இதே சடங்குதான். வேலையைவிட முட்டுக் கொடுக்க நேரம் அதிகம் ஆகிறது என்று அப்பா சத்தம் போடுவார். “ஆமாங்க” என்பார். அடுத்த தடவையும் கட்டையைத்தான் முதலில் தேடுவார்.

நான் அப்போது மெக்கானிக்கல் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஓராண்டு படம் வரைந்துகொண்டிருந்துவிட்டு, அலுத்துப்போய் வேலையை விட்டு வந்திருந்தேன். நாளுக்கு நாலு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்புவேன். மீதி நேரம் வீட்டில் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். மிக்ஸி, போர் மோட்டார் ஸ்டார்ட்டர், தாத்தாவின் சுவர்க் கடிகாரம். என் கையிலிருந்து பிழைத்தவை பாதி. எனவே லிஃப்ட்டைப் பிரிக்கப் போகிறேன் என்றதும் அப்பா, “அது ஒண்ணுதான் ஊட்டுல ஒழுங்கா ஓடிட்டிருந்துது” என்றார். ஆனால் தடுக்கவில்லை. உழவு இல்லாத இரண்டு மாதம் இருந்தது. பழைய மாடல் என்பதால் மெக்கானிக்குகள் யாரும் அதன் மேல் கை வைக்க வரவும் மாட்டார்கள். நான் இணையத்தில் அந்த மாடலின் கையேட்டைத் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து வைத்துக்கொண்டேன். டிரைவரண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகையாட்ட நல்லா இருக்குதுங்க” என்றார்.

சீட்டைக் கழற்றினால் அதற்கு அடியில்தான் லிஃப்ட் பெட்டியின் மூடி. இரும்பு வார்ப்பு, இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. வேப்ப மரக் கிளையில் செயின் பிளாக் கட்டி, அவர் சங்கிலியை இழுக்க, நான் மூடியை ஆட்டாமல் பிடித்துக்கொள்ள, முப்பது ஆண்டாகத் திறக்காத அந்தப் பெட்டி திறந்தது. புளித்த எண்ணெய் நாற்றம் முகத்தில் அடித்தது. மூடியைத் தலைகீழாகப் பலகையில் சாய்த்து வைத்தோம். அதற்குள்ளே, என் கைமுட்டி நுழையும் அளவுக்கு ஒரு சிலிண்டர். சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன். எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் லிஃப்ட் கைகளைத் தூக்கும், கைகள் கலப்பையைத் தூக்கும். எஞ்சினை நிறுத்தினாலும் எண்ணெய் திரும்பிப் போகாமல் அடைபட்டிருந்தால் கலப்பை மேலேயே நிற்கும். எங்கள் பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் பனங்கிழங்கு நாராக உரிந்திருந்தது. சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை வைத்தால் கோடு கோடாகத் தட்டியது. எனக்கு ஒரே குஷி. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதே.

சங்ககிரி லாரிப் பட்டறைகளில் நான் அலைந்த அந்த மூன்று வாரங்களைப் போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு வரவில்லை. சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்துக் கோடு போகத் தேய்த்து வாங்கினேன். ஆயில் சீல் கடையில் என் ஸ்கேலைப் பார்த்துச் சிரித்து, வெர்னியர் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். ஊருக்கு ஊர் போன் போட்டு ரப்பர் வளையம் ஒன்றும், அதோடு போட வேண்டிய தோல் வளையம் ஒன்றும் வாங்கினேன். அந்தத் தோல் வளையத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பிஸ்டனில் ஒரே ஒரு பள்ளம்தான். அதில் ரப்பரும் தோலும் அருகருகே உட்கார வேண்டும். எண்ணெய் அழுத்தும்போது ரப்பர் நசுங்கி இடுக்கில் பிதுங்கிவிடாமல் தோல் முதுகு கொடுக்கும். ஆகவே எண்ணெய் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கத்தில் தோல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் அப்போதைக்கு எதுவும் தெரியாது. லிஃப்ட் தூக்கும், அருமையாக நிற்கும். சில நாட்களோ சில வாரங்களோ கழித்து ரப்பர் ஒரு கணத்தில் பிதுங்கி அறுந்து போகும்.

நான் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்தேன். எந்த போல்ட் எந்தத் துளை, எந்த வாஷர் எந்தப் பக்கம், எல்லாம் இருக்கிறது. வளையங்களை மாட்டிய படம் மட்டும் இல்லை. இரண்டையும் எண்ணெயில் ஊறவைத்துக் கையில் எடுத்த நேரத்தில் ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி போனிலேயே நேர்காணல் என்று அழைத்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பற்றி நானே ஆங்கிலத்தில் பெருமை பேசிக்கொண்டு, இரு கையாலும் வளையங்களை மாட்டினேன். பேசி முடித்தபோது பிஸ்டன் சிலிண்டருக்குள் போயிருந்தது. வேலை கிடைத்த மாதிரிதான் என்று டிரைவரண்ணனிடம் கத்தினேன். “அப்ப வண்டியப் பாதியில போட்டுட்டுப் போயிருவீங்களாக்கும்” என்றார்.

மூடியை ஏற்றி, புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினைப் போட்டு லிவரை இழுத்தேன். கலப்பை விறுவிறுவென்று ஏறியது. எஞ்சினை அணைத்தோம். கொழுமுனை நின்ற உயரத்தில் பக்கத்திலிருந்த தென்னை மரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் காலை முனை அதே கோட்டில் இருந்தது. மூன்றாம் நாளும் அதே கோடு. அப்பா பால் ஊற்ற வந்தவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். தன் மகள் செய்தது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கோட்டை மட்டும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். டிரைவரண்ணன் கலப்பையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, “இத்தன வருசம் ஒக்காந்தே கெடந்தவன நீங்க நிக்க வெச்சிட்டீங்க” என்றார்.

ஆனால் சித்திரை மழைக்குப் பிறகு உழவு தொடங்கியபோதும் புளியங்கட்டை அவர் காலடியிலேயே கிடந்தது. ஒரு போல்ட்டை முறுக்க இறங்கியவர் கட்டையை எடுத்து நிறுத்தி, குதிகாலால் இரண்டு உதை உதைத்தார். எனக்குச் சுருக்கென்றது. அப்போதே கேட்டுவிட்டேன். “ஏனுங்ணா, இன்னுமே கட்டையக் கட்டீட்டு அழறீங்களே. எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?”

“உங்க மேல இல்லாமயா? பழக்கந்தானுங்க அம்மணி, கையி தானாப் போகுது.”

விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். விளையாட்டு இல்லை. எனக்குக் கோபம். நான் அளந்து, படித்து, தேடிப் பிடித்துச் செய்த வேலைக்குக் கீழே அவர் ஒரு மரக்கட்டையை நிறுத்துகிறார் என்பது எனக்கு அவமானமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் எதிர்க்காட்டு மாமா காட்டில் வாடகை உழவு. எங்களுக்கு உறவு இல்லை. வரப்பு ஒட்டிய காடு என்பதால் மாமா. அவருடைய புது டிராக்டர் சர்வீசுக்குப் போயிருந்தது. வரப்பில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கொழுவில் வேர் சிக்கி, டிரைவரண்ணன் வண்டியை நிறுத்திக் கட்டையை எடுத்தார். எதிர்க்காட்டு மாமா சும்மா இல்லாமல், “பொட்டப்புள்ள ரிப்பேரு பண்ணுன லிப்ட்டு, அப்போவ்! ஒரு கட்டை பத்தாது, ரெண்டா வெய்யி!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வரப்பில்தான் நின்றிருந்தேன். டிரைவரண்ணன் ஒரு நிமிடம் கட்டையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி வரப்போரத்து முள் புதருக்குள் எறிந்துவிட்டு, தொங்கும் கலப்பைக்கு அடியில் வெறுமனே உட்கார்ந்து வேரைப் பிடுங்கினார். “எங்கம்மணி கை வெச்சது நிக்குமுங்க” என்று குனிந்தபடியே சொன்னார். வரப்பில் சிரிப்பு நின்றது. அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கட்டையைத் தேடி எடுத்து வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது நடந்தது வைகாசியில், பதினோரு மணி வெயிலில், எங்கள் மேற்குக் காட்டில். கொழுவின் போல்ட் ஒன்று தளர்ந்து ஆடியது. அவர் கலப்பையைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, இறங்கிப் பின்னால் போய் இடது பக்கம் குந்தினார். நான் டிராக்டரின் வலது பக்கம் முன் சக்கரத்தருகே தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றேன். லிவர் எனக்கு நேர் எதிரே இருந்தது. மேலே ஏற்றிய நிலையில். அதன் சிவப்புக் குமிழில் வெயில் பட்டுக்கொண்டிருந்ததுகூட நினைவிருக்கிறது. “அம்மணி, அந்த பதினேழு ஸ்பேனரக் குடுங்க” என்றார். நான் கருவிப் பெட்டிக்காகக் குனியவில்லை, இன்னும் குனியவில்லை, லிவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வண்டிக்குள் எங்கோ சோடாப் பாட்டில் திறப்பது போல ஒரு சத்தம். லிவர் அசையவில்லை. கலப்பை இறங்கியது. முன்பு போல அலுப்போடு அல்ல, ஒரே மூச்சில். அவர் கத்தவில்லை. “கையி” என்று மட்டும் சொன்னார்.

எஞ்சினைப் போட்டு லிவரைக் கீழே தள்ளி மறுபடி மேலே இழுத்தேன். தூக்கவில்லை. மறுபடி இழுத்தேன். தூக்கவில்லை. ஓடிவந்த எதிர்க்காட்டு மாமா பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு தடவை இழுத்தேன், தூக்கவில்லை. அவரும் இன்னும் இரண்டு பேரும் கடப்பாரை போட்டு நெம்பித்தான் கையை எடுத்தார்கள். இடது கை. சுண்டுவிரலும் பெருவிரலும் தப்பின, நடுவில் இருந்த மூன்று விரல்களும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்படி ஆயிற்று என்று கேட்டார். அப்பா காரில் வரும்போதே அதற்குப் பதில் வைத்திருந்தார் போல. “எந்திரிக்கையில லிவரத் தட்டிட்டானுங்க. கவனமில்லீங்க” என்றார். அப்பா காட்டில் இல்லை, எதையும் பார்க்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மகள் செய்த வேலையால் ஒருவருக்குக் கை போனது என்பதை அவரால் யோசிக்கவே முடியவில்லை. வேறு எது கைக்குக் கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த டிரைவரண்ணன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். சுவரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அட்டவணை ஒட்டியிருந்தது. நான் அதை மேலிருந்து கீழ்வரை படித்தேன். படித்து முடித்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.

வைத்தியச் செலவையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் ஆஸ்பத்திரியிலேயே நிற்கவில்லை. டீக்கடைக்கும் பால் சொசைட்டிக்கும் வந்து சேர்ந்தது. கட்டு அவிழ்த்தபின், மிச்சமிருந்த உள்ளங்கையாலேயே ஸ்டீயரிங்கைத் திருப்ப அவர் பழகிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஓட்ட முடிந்தது. ஆனால் யாரும் வண்டி கொடுக்கவில்லை. விரல் இல்லை என்பதற்காக அல்ல. லிவரைத் தட்டியவன் என்பதற்காக. நாளைக்கு வேறு யார் கையாவது போனால் என்ன செய்வது என்றார்களாம். அத்தனை வருடம் இரண்டு தடவை முடிச்சை இழுத்துப் பார்த்த மனிதரை, கவனமில்லாத ஆள் என்றார்கள். நான் அப்போது ஓசூர் கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தேன். டிராக்டரைத் தார்பாய் போட்டு மூடிவிட்டதாக அம்மா போனில் சொன்னாள்.

ஓசூரில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பையில் கிடந்த அந்த ஸ்பைரல் புத்தகத்தை எடுத்துப் பிஸ்டன் பக்கத்தைப் பிரித்தேன். தோல் வளையம் எந்தப் பக்கம் என்று தடித்த எழுத்தில் எழுதி, அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் முன்பு பத்துத் தடவை படித்திருக்கிறேன். ஆனால் மாட்டிய கணம் எனக்கு நினைவில் இல்லை. கண்ணை மூடி யோசித்தால் என் ஆங்கிலப் பேச்சு மட்டும் கேட்கிறது; விரல்கள் என்ன செய்தன என்பது தெரியவில்லை. சரியாக மாட்டியிருக்கலாம், வாங்கிய ரப்பரே மட்டமாக இருந்திருக்கலாம். மாற்றியும் மாட்டியிருக்கலாம். மூடியைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாதா மாதம் ஊருக்கு வந்தேன். தார்பாயைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போனேன். திறக்கவில்லை.

போன வாரம் சங்ககிரியில் அவரைப் பார்த்தேன். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பகல் காவலுக்கு இருக்கிறார். அம்மாதான் சொன்னாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“வாங்க மேடம்” என்றார்.

அம்மணி என்று கூப்பிடவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. பட்டறைக்கு வரும் எல்லோரையும் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். எனக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு அவர் நின்றுகொண்டார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பெருவெரலு இருக்குதில்லீங்க, பீடி பத்த வெக்கறதுக்கு அது போதும்” என்றார். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. அவர் முகம் மாறவில்லை.

“வெரலு போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. இரும்போட பொழப்பு, போகும். லிவரத் தட்டிட்டான்னு சொன்னீங்க பாருங்க, அதுதானுங்க.”

“நான் சொல்லலீங்ணா. அப்பாதான்…”

“நீங்க சொல்லாம இருந்தீங்கல்ல.”

உள்ளே யாரோ தகடு அடிக்கும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. அவர் மெதுவாக, பல நாள் யோசித்து வைத்ததைச் சொல்கிறவர் போலச் சொன்னார். “லிவருதான் தட்டியிருந்தா, அப்பறம் எஞ்சினப் போட்டு மேல இழுத்தீங்களே, அப்பத் தூக்கியிருக்கோணுமில்ல? ஏனுங்க தூக்கல? எதிர்க்காட்டுக்காரருந்தான் பக்கத்துல நின்னு பாத்தாரு. படிச்சவங்க நீங்களும் பாத்தீங்க. ஒருத்தருக்குமா அது தோணாது?”

எனக்குத் தோன்றியிருந்தது. அன்று சாயங்காலமே தோன்றியிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. என் முகமே சொல்லியிருக்கும்.

“அந்த மூடியத் தெறந்து பாத்தீங்களா?”

“இல்லீங்ணா.”

“ஏனுங்க?”

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “என்னைய வெச்சுட்டுத் தெறங்க. ஞாயித்துக்கெழம லீவு சொல்லிட்டு வாரேன். எதிர்க்காட்டுக்காரரையும் கூப்புடுங்க, உங்கப்பாரும் இருக்கட்டும். உள்ள என்ன இருந்தாலும் இருக்கட்டுமுங்க. எல்லாரும் பாக்கோணும்.” அவ்வளவுதான். நான் கிளம்பும்போது, போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தை முடிவதற்குள் டிராக்டரை இரும்பு விலைக்கு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். “ஆனது ஆயிப்போச்சு. அதக் கெளறி இனி என்ன பண்ணப் போற? உன்ற பேரும் சேந்து கெடும்” என்றார். கெடட்டுங்ப்பா என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். எதிர்க்காட்டு மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வரப்பைப் பார்த்தபடியே, “வாரேன் சாமி” என்றார். கட்டையைப் பற்றி அவர் சொன்னது அவருக்கும் நினைவிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. தார்பாயை எடுத்துவிட்டேன். அடியில் அணில் கூடு கட்டியிருந்தது. பழைய எண்ணெயை வடித்து, வடித்ததைக் கொட்டாமல் வாளியில் மூடி வைத்திருக்கிறேன். அதில் ரப்பர்த் துணுக்கு கிடந்தால் அதையும் அவர் பார்க்கட்டும். செயின் பிளாக்கை வேப்ப மரத்தில் மாட்டியாயிற்று. நாளைக்கு மூடியைத் தூக்கி, தலைகீழாகச் சாய்த்து, அடியில் முட்டுக் கொடுத்து, பிஸ்டனைத் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்ததும் துடைக்கக் கூடாது. நான் பார்ப்பதற்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தோல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். பார்த்த பிறகு சொன்னால் நான் மாற்றிச் சொல்கிறேன் என்று ஆகிவிடும். மாற்றித்தான் மாட்டியிருக்கிறேன் என்றால் அதை அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சரியாக மாட்டியிருந்தாலும் எனக்கு விடுதலை கிடையாது என்பது இதையெல்லாம் எடுத்து வைக்கும்போதுதான் புரிந்தது. லிவர் மேலேதான் இருந்தது என்பது பிஸ்டனைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. அது எனக்கு வைகாசியிலிருந்தே தெரியும்.

ஆகவே நாளைக்கு முதல் வேலை மூடி அல்ல. அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், எந்த போல்ட்டிலும் ஸ்பேனரை வைப்பதற்கு முன்பு, அப்பாவின் காதிலும் எதிர்க்காட்டு மாமாவின் காதிலும் விழும்படி அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். லிவர் அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையிலிருந்து களத்தில் நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை முழுதாக வந்தது. எதிரில் யாரும் இல்லை.